ஆப்ட் டைரக்டரியில் நான் கொண்டாடிய போகி

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: சுத்தம் பண்ணுவது மற்றவர்களுக்குப் பழக்கம், எனக்கு அது திமிர்.

தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேரோடு வளர்ந்தவனுக்குப் பழைய சாமானைக் கண்டாலே கை பரபரக்கும். புதுக் குக்கர் வந்தால் போகியன்று பழைய குக்கர் வெளியே. எங்கள் வீட்டில் அதற்கு அப்பீலே கிடையாது.

அந்தப் போகியன்று செம்பூரில் ஒரு கூரியர் கம்பெனியில் சர்வர் பார்த்துக்கொள்ளும் டிரெய்னியாக இருந்தேன். மாதக் கடைசியில் பர்மனென்ட் ஆர்டர். அது கைக்கு வந்ததும் தோல்பை பட்டறைக்குப் போகும் அப்பாவை வீட்டில் உட்காரவைக்கப்போவதாகச் சந்து முழுக்கச் சொல்லியாகிவிட்டது (சொன்னது அம்மா, சொல்லச் சொன்னது நான்).

காலையில் லினக்ஸ் சர்வரைத் திறந்தேன். சாஃப்ட்வேர்களைப் போட்டுவைக்கும் 'ஆப்ட்' டைரக்டரி ஒரே குப்பை. பார்சல் சாஃப்ட்வேர் மட்டும் ஒன்று, இரண்டு, மூன்று என மூன்று ஃபோல்டர்களில் கிடந்தது. மூன்று வந்தபிறகு ஒன்றும் இரண்டும் எதற்கு? எது ஓடுகிறது என்று காட்டும் கைகாட்டி, சிம்லிங்க் என்பார்கள், பக்கத்திலேயே இருந்தது. அது எதைக் காட்டுகிறது என்று பார்க்க ஒரே ஒரு கமாண்ட் போதும். இந்தத் துரை அதைப் பார்க்கவில்லை. போகியல்லவா! ஒன்றையும் இரண்டையும் அழித்தேன்.

ஓடிக்கொண்டிருந்தது ஒன்றாம் ஃபோல்டர்தான். மூன்றாவதை என் மேலதிகாரி மணி சார் பாதி போட்டு அப்படியே விட்டு இரண்டு வருடமாம். ஒரு வரி எழுதிவைத்தாரா? பாவி மனுஷன்!

பத்து நிமிடத்தில் காட்கோபர், மாஹிம், கோபர்கைரனே கவுன்டர்கள் எல்லாம் நின்றன. மணி சார் ஓடிவந்தார்.

"என்னடா பண்ணித் தொலைச்சே?"

"பழசையெல்லாம் க்ளீன் பண்ணேன் சார்."

"உன்னை யார்டா கேட்டா?"

சாயங்காலத்துக்குள் பேக்கப்பிலிருந்து அவரே எல்லாவற்றையும் மீட்டார். அவருக்குப் பாராட்டு மெயில் வந்தது. அதில் மூன்றாம் ஃபோல்டரைப் பற்றி மூச்சில்லை. எனக்கு வேலை போனது, வாசல்வரை செக்யூரிட்டி துணைக்கு வந்தார்.

வீட்டில் சொன்னதும் அம்மா அழுதாள். அப்பா மட்டும் நிதானமாகக் கேட்டார். "ஏல, வேல பாக்கது எதுன்னு பாக்காமலா தூக்கி எறிஞ்ச?" பொங்கல் முடிந்ததும் பட்டறைக்குக் கிளம்பிவிட்டார்.

இப்போது எனக்கு வேறு வேலை, பாதிச் சம்பளம். ஒவ்வொரு போகிக்கும் நான் துடைப்பத்தைத் தொட்டால் போதும், அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பார்.

"ஏல, என்னையும் பழசுன்னு வெளிய போட்ராத. இந்த வீட்டுல இன்னும் வேல பாக்கது நாந்தாம்ல!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். அவர் பட்டறைக்கு நேரமாகிவிட்டதென்று செருப்பைத் தேடுவார்.