கிணற்றடியில் ஒரு பிரான்சு தேசம்

ஐரோப்பாவில் ராஜாக்கள் இருநூறு வருஷம் அடித்துப் பிடித்துச் சாதித்ததை, ராமநாதபுரத்தில் ஒரே வாரத்தில் சாதித்தவர் எங்கள் லூயி அண்ணன். நிஜப் பெயர் எதுவானால் என்ன? ஆபீஸ் குமாஸ்தா. பி.ஏ.யில் ஐரோப்பியச் சரித்திரத்தில் மட்டும் மூன்று முறை கோட் அடித்தவர். நாலாவது முறை பாஸானால் பிரமோஷன், மதுரைக்கு மாற்றல்.

நாங்கள் தங்கியிருந்த மெஸ்ஸில் அண்ணனையும் சேர்த்துப் பதினோரு பேர், ஒரே கிணறு. நல்ல தண்ணீர் விடியற்காலையில் முழங்கால் அளவு ஊறும், அப்புறம் கலங்கல்தான். ஆளுக்கொரு கயிறு, ஆளுக்கொரு வாளி. கமுதிக்காரரின் கயிறும் கீழக்கரை பாயின் கயிறும் தினமும் சிக்கிக்கொள்ளும். இருவரும் கைகலப்பில் இறங்குவார்கள்.

"பிரான்சுலயும் இதே கூத்துதான்யா! பிரபுவுக்கொரு கோட்டை, பிரபுவுக்கொரு படை. எல்லாக் கயிறும் ஒரே கையில இருந்தாத்தான் அது தேசம்" என்றார் அண்ணன், கையில் பாடப் புத்தகத்தோடு.

கயிற்றைப் பிடுங்கினால் கையை முறித்துவிடுவார்கள். அதனால் பிரபுக்களை அடக்கப் பிரான்சு ராஜா லூயி செய்ததையே செய்தார்: பட்டம் கொடுத்தார். அவர் குளிக்கும்போது துண்டு நீட்டும் கௌரவம் கமுதிக்காரருக்கு. சோப்பு நீட்டும் கௌரவம் பாய்க்கு.

மறுநாளே துண்டு பெரிசா, சோப்பு பெரிசா என்று சண்டை திசைமாறிவிட்டது.

"சோப்பு போடாம துண்டுக்கு என்னய்யா வேலை?" என்றார் பாய்.

"அப்ப ஈரத்தோடயே ஆபீசுக்குப் போவாரோ?" என்று எகிறினார் கமுதிக்காரர்.

இந்த அமளியில் கயிறுகள் அத்தனையும் அண்ணனின் டிரங்குப் பெட்டிக்குள் போய்விட்டன. வெளியே ஒரே கயிறு. அவர் உத்தரவில்லாமல் ஒரு வாளி உள்ளே இறங்காது.

பிறகு வரி போட்டார். ராஜாவின் குளியலுக்குத் தலைக்கு அரை வாளி! மூன்றாம் நாள் புரட்சி வெடித்தது. அவரை முக்காலியில் உட்கார வைத்து விசாரணை நடத்தினோம். அவருக்கோ ஒரே குஷி.

"அப்பாடா, இங்கிலாந்துப் பாடமும் முடிஞ்சுது! அங்கயும் வரி போட்ட ராஜாவை இப்படித்தான் விசாரிச்சுத் தலையை வாங்குனாங்க. தலையை மட்டும் விட்டுருங்கப்பா, திங்கக்கிழமை பரீட்சைக்கு வேணும்."

பரீட்சை எழுதிவிட்டு வந்தவர் புத்தகத்தைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார். நான்தான் விடாமல் குடைந்தேன். பிரபுக்களை ராஜா எப்படி அடக்கினார் என்பதுதான் முதல் கேள்வியாம். பக்கம் பக்கமாக விளாசியிருக்கிறார்.

"கை தன் போக்குல போயிருச்சுடா. கமுதிப் பிரபு, கீழக்கரைப் பிரபுன்னே எழுதித் தொலைச்சுட்டேன்."

பேப்பரில் ரிசல்ட் வந்தபோது அவர் நம்பர் இல்லை. அன்று ராத்திரி மெஸ்ஸில் எல்லாரும் அவரைச் சுற்றி உட்கார்ந்தோம். பாய்தான் மெல்லக் கேட்டார், "அப்ப மதுரைக்குப் போக மாட்டீகளே?"

"எங்க போறது? இங்கனதான் கெடக்கணும்."

எல்லாரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஆறுதல் சொன்னோம். நான் சொன்ன ஆறுதல் சுத்தப் பொய். அவர் ஃபெயிலானதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.