ஊதாத பொடி

ஊரெல்லாம் ஊதல்காரர் பேச்சுதான். மூட்டு வலிக்குப் பொடி தருவார். பொடி சும்மா சாக்கில் கிடப்பதுதான். அவர் வாயைக் குவித்து ஒரு ஊது ஊதினால் சக்தி இறங்கிவிடுமாம். நொண்டிக்கொண்டு வந்தவர்கள் அடுத்த வாரமே துள்ளிப் படியேறினார்கள். ஊதியே அவருக்கு மூச்சிரைக்கும் அளவுக்குக் கூட்டம்.

மாடிவீட்டு மாமியாரும் அதில் ஒருவர். முழங்கால் வலி பறந்தது உண்மை. கூடவே முகம் உப்பியது, சர்க்கரை ஏறியது, பாதத்துக் காயம் ஆறவே இல்லை. முகத்தில் ஒளி வந்திருக்கிறது என்றார் ஊதல்காரர். மாமியாருக்கும் அது பிடித்திருந்தது. மருமகளுக்கோ அது ஸ்டீராய்டு வீக்கமாகத் தெரிந்தது.

அவள் ஆய்வுக்கூடத்தில் மருந்துகளைக் கண்டறியும் மின்வேதி உணரிகள், அதாவது சென்சார்கள், செய்கிறவள். ஒரு மருந்தின் மூலக்கூறுகளைச் சுற்றி மெல்லிய பாலிமர் படலம் வளர்ப்பாள்; பிறகு மூலக்கூறுகளை மட்டும் கழுவி எடுத்துவிடுவாள். அதே வடிவத்தில் குழிகள் மிஞ்சும். அந்த மருந்து வந்தால் குழியில் போய் உட்காரும், மின்னோட்டம் இறங்கும். வேறு எது வந்தாலும் படலம் ஏறெடுத்தும் பார்க்காது. கூட்டத்தைவிட அதற்கு விவரம் அதிகம்.

ஸ்டீராய்டுக்கான படலங்களோடும் மின்னோட்டத்தைக் கோடாகக் காட்டும் சின்னத் திரையோடும் ஊதல்காரரின் கூடத்துக்கே போனாள். மாமியாரின் பொடியைக் கரைத்துச் சொட்டு விட்டாள். திரையில் கோடு இறங்கியது. இதில் ஸ்டீராய்டு இருக்கிறது என்றாள்.

ஊதல்காரர் அசரவில்லை. "மெஷினே என் மூச்சுக்குத் தலை வணங்குது, பாத்தீங்களா?"

கூட்டம் கைதட்டியது. மாமியாரும் தட்டினார்.

மருமகள் சண்டைக்குப் போகவில்லை. வீட்டுக் கோதுமை மாவை நீட்டினாள். "இதுல ஊதுங்கய்யா. இதுக்கும் வணங்குதான்னு பாப்போம்."

அத்தனை பேர் முன்னால் மாட்டேன் என்பதெப்படி? ஊதினார். மாவு அவர் மீசையில் படிந்தது. மிச்சத்தைக் கரைத்து வேறு படலத்தில் விட்டாள், கோடு அசையவில்லை. பலமாக ஊதினார். அப்போதும் இல்லை. பிறகு, யாரும் ஊதாத பொடியைச் சாக்கிலிருந்து மாமியார் கையாலேயே அள்ளச் சொன்னாள். புதுப் படலத்தில் ஒரு சொட்டு. கோடு சரசரவென்று சரிந்தது.

மாமியார் திரையைப் பார்த்தார். தன் உப்பிய விரல்களைப் பார்த்தார்.

"அப்போ நீங்க எதுக்குய்யா ஊதுனீங்க?"

மருமகள் தகவல் சொன்னாள். மருந்துக் கண்காணிப்பு அதிகாரிகள் வந்து சாக்கையும் ஊதல்காரரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்று மருத்துவர் மாமியாருக்கு ஸ்டீராய்டை அளவாகக் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். வலி திரும்பியது. மருமகள் தோளைப் பிடித்துத்தான் படியிறங்கினார். ஆனால் காயம் ஆறத் தொடங்கியிருந்தது.

கூட்டத்தில் ஒருவர் மட்டும் மருமகளைத் தேடி வந்து தணிந்த குரலில் கேட்டார்: "அந்த ஊதாத பொடி எங்கம்மா கெடைக்கும்?"

வலிப்பது முழங்கால்தானே ஐயா? அதற்கு எதற்கு மூளையைக் கழற்றி வைக்கிறீர்கள்?