மூக்கு சொன்ன மழை

அன்று காலை ஹ்வார் தீவின் துறைமுகத்தில், காபி குடிப்பதற்கு முன்பே, நான் ஒரு சபதம் எடுத்தேன். என் மச்சான் லுக்ஷா வீட்டுக் கல்யாணத்தில் என் செருப்பின் நிழல்கூட விழாது.

சபதம் எடுப்பது சுலபம். அதைப் பெரினாவிடம் சொல்வதுதான் கஷ்டம். பெரினா என் மனைவி. எங்கள் 'மரியேத்தா' கப்பலுக்குச் சமையலும் அவள்தான். முப்பது பயணிகளுக்கு மூன்று வேளையும் ஆக்கிப் போடுகிறவள். நான் கேப்டன். தொப்பியில் அப்படித்தான் போட்டிருக்கிறது.

லுக்ஷா அவளுடைய அண்ணன். அவனும் சொந்தக் கப்பல் வைத்திருக்கிறான். ஏழு வருஷத்துக்கு முன்னால் இதே ஹ்வாரில் நான் கப்பலைக் கரையோரம் நிறுத்திக் கட்டும்போது காற்று ஒரு தள்ளு தள்ளியது. கரைக் கல்லில் லேசாக ஓர் உரசல். கொஞ்சம் பெயிண்ட் போனது, அவ்வளவுதான். லுக்ஷா ரேடியோவைக் கையில் எடுத்தான். "டின்கோ மாப்ளே கப்பலை ஓட்டறாரா, இல்ல மாடிப்படியில சோபா ஏத்தறாரா?" என்றான். ரேடியோவில்! ஸ்பிளிட்டிலிருந்து துப்ரோவ்னிக் வரை இருக்கிற கேப்டன்கள் அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அன்றோடு பேச்சு நின்றது.

அவனுடைய ஒரே பெண் டோன்காவுக்கு அன்றைக்குச் சாயங்காலம், நாங்கள் அடுத்துப் போக வேண்டிய கோர்ச்சுலா தீவின் பேராலயத்தில் கல்யாணம். புதன்கிழமை என்ன கல்யாணம் என்று கேட்காதீர்கள். கோடையில் கப்பல்காரன் வீட்டில் சனிக்கிழமை கிடையாது. அன்றைக்குப் பயணிகள் இறங்கி ஏறுவார்கள், கல்யாணமாவது கருமாதியாவது! மாப்பிள்ளைக்கோ எண்ணெய்க் கப்பலில் உத்தியோகம். லீவு கிடைத்ததே இந்த வாரம்தான்.

டோன்காவுக்கு நான் ஞானத்தகப்பன். ஞானஸ்நானத்தன்று அவளைக் கையில் ஏந்தி நின்றவன். அதை நினைத்தால் நெஞ்சு இளகும். உடனே சோபா ஞாபகம் வரும். இறுகிவிடும்.

என்னிடம் திட்டம் இருந்தது. யூகோ என்று ஒரு தென்கிழக்குக் காற்று எங்கள் பக்கம் வரும். மழையையும் தலைவலியையும் கூட்டிக்கொண்டு வரும். அது வருவதை முன்கூட்டியே மோந்து சொல்வதில் என் மூக்குக்குக் கடற்கரை முழுக்கப் பெயர். அந்தப் பெயரை அன்றைக்குச் செலவழிக்க முடிவு செய்தேன்.

சமையலறைக்குப் போனேன். பெரினா ஒரு பெரிய அண்டாவில், வினிகரில் ஊறிய மாட்டிறைச்சியைத் திருப்பிக்கொண்டிருந்தாள். முப்பது பேருக்கா இவ்வளவு என்று தோன்றியது. தோன்றியதோடு சரி.

"பெரினா, யூகோ வருது."

"எங்கேர்ந்து?"

"எங்கேர்ந்து வரும்? தென்கிழக்கேர்ந்துதான்."

"வானம் கழுவித் தொடைச்ச மாதிரி இருக்கே?"

"வானத்துக்கு என்ன தெரியும்? என் மூக்கு சொல்லுது. சாயங்காலம் மழை பிச்சிக்கிட்டு ஊத்தப் போகுது. கோர்ச்சுலா வேண்டாம். நேரா ம்லெத் தீவுக்குப் போய்ப் பதுங்கிடலாம்."

கரண்டி பறக்கும் என்று எதிர்பார்த்து ஒரு காலைக் கதவுக்கு வெளியே வைத்திருந்தேன். கரண்டி பறக்கவில்லை.

"சரிங்க," என்றாள்.

"சரியா?"

"நீங்கதானே கேப்டன். ஆனா பயணிங்க கோர்ச்சுலா பார்க்கணும்னுதானே வந்திருக்காங்க? காலையிலேயே போய்க் கொஞ்ச நேரம் நிப்பாட்டுங்க. நானும் ஓடிப்போய் டோன்கா கன்னத்துல ஒரு முத்தம் குடுத்துட்டு வந்துடறேன். மூணு மணிக்குக் கிளம்பிடலாம். கல்யாணமே அஞ்சு மணிக்குத்தான்."

இத்தனை வருஷக் குடித்தனத்தில் பெரினா இவ்வளவு சுலபமாகச் சரி சொன்னதே இல்லை. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் ஜெயித்துவிட்டோம் என்று நினைக்கிற மனுஷனுக்கு மூளை வேலை செய்யாது.

"சீக்கிரம் விடுங்க. அப்பதான் கரையோரம் இடம் கிடைக்கும். அதுல உங்களை அடிச்சுக்க ஆளு இல்லேங்க," என்றாள்.

உச்சி குளிர்ந்துவிட்டது. எங்கள் துறைமுகங்கள் சின்னவை. முதலில் வருகிற கப்பல் கரையோரம் கட்டும். அடுத்தது அதன் விலாவில் ஒட்டிக் கட்டும், அடுத்தது அதற்கும் வெளியே. வெளிக் கப்பல்காரர்கள் எல்லோரும் உள் கப்பல்களின் தளத்தின் மேல் நடந்துதான் கரை இறங்க வேண்டும். வழி மறுக்கக் கூடாது, அது வழக்கம். கரையோர இடம் பெரிய கௌரவம். ஒரே தொந்தரவு, வெளியே நிற்பவர்கள் விலகினால்தான் உள்ளே இருப்பவன் கிளம்ப முடியும். அதனால் என்ன? மற்றக் கப்பல்கள் நான்கு மணிக்கு மேல்தான் வரும். நான் மூன்றுக்கே பறந்துவிடுவேன்.

வழியில் ஹில்டா என்ற ஜெர்மன் பயணி போனை நீட்டினாள். "கேப்டன், இதுல நாள் முழுக்க வெயில்னு போட்டிருக்கே?"

"அம்மா, அந்தப் போனுக்கு மூக்கு இருக்கா?" என்றேன். பாவம், அடங்கிவிட்டாள்.

கோர்ச்சுலாவில் துறைமுகம் காலி. முதல் இடம் எனக்கே. நான் முன்பக்கம் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது பெரினா கப்பல் ஓட்டும் அறையில் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். யாரிடம் பேசுகிறாள் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. பயணிகள் ஊர் பார்க்கப் போனார்கள். அவளும் கைப்பையோடு போனாள். நான் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினேன்.

தட் என்று ஒரு சத்தம். விழித்தால், என் விலாவில் பெப்போவின் கப்பல்.

"என்ன பெப்போ, இந்த உச்சி வெயில்ல?"

"என்னண்ணே இப்படிக் கேக்கறீங்க? நீங்கதானே யூகோ வருதுன்னு சொன்னீங்க?"

"நான் எப்போ சொன்னேன்?"

"பெரினா அண்ணி ரேடியோவுல சொன்னாங்களே! டின்கோ மூக்கு சொல்லிடுச்சு, எல்லாரும் கோர்ச்சுலாவுக்கு ஓடி வந்துடுங்கன்னு."

அவனுக்கு வெளியே இன்னொரு கப்பல் வந்து ஒட்டியது. அதற்கும் வெளியே மற்றொன்று. நான் எழுந்து நின்று பார்ப்பதற்குள் ஐந்து கப்பல்கள். ஐந்தாவது யாருடையது என்று நினைக்கிறீர்கள்? லுக்ஷாவுடையது!

"பெப்போ, நான் மூணு மணிக்குக் கிளம்பணும். கொஞ்சம் ஒதுங்கணும்டா."

"யூகோவுலயா? விளையாடாதீங்கண்ணே. தென்கிழக்குக் காத்துக்கு இந்த மேற்குக் கரையைவிடப் பாதுகாப்பான இடம் ஏது? உங்களை நான் வெளியில விட்டேன்னா அண்ணி என்னை உப்புக்கண்டம் போட்டுடுவாங்க."

"இல்ல... காத்து ஒருவேளை திசை மாறி..."

"உங்க மூக்கு என்னைக்கு மாத்திச் சொல்லியிருக்கு?" என்று கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, என் தளத்தில் நடந்து கரை இறங்கினான். கல்யாணக் கோட்டு. அவன் பின்னால் மற்றக் கேப்டன்களும் போனார்கள். கப்பல்களை நகர்த்த ஓர் ஆள் இல்லை.

எனக்கு வியர்த்துக் கொட்டியது. காற்றே வராது, சும்மா சொன்னேன் என்று வாயைத் திறந்தால் என் மூக்கின் மானம் அன்றோடு போச்சு. லுக்ஷா மறுபடியும் ரேடியோவை எடுப்பான். பேசாமல் இருந்தால் கல்யாண ஊரில் கட்டுண்டு கிடக்க வேண்டும். ஒரு மேகத்துண்டாவது தெரியாதா என்று தென்கிழக்கைப் பார்த்தேன். நீலம். மகா கேவலமான நீலம்.

மூன்று மணிக்குப் பெரினா வந்தாள்.

"நேரமாச்சு. கிளம்பலாமாங்க?"

"எப்படிடி கிளம்பறது? வெளியே அஞ்சு கப்பல் நிக்குது!"

"அய்யய்யோ," என்றாள். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. "அதைவிடுங்க, இன்னொரு சங்கடம். அண்ணன் தோட்டத்துலதான் பந்திக்கு மேசை போட்டிருந்தாங்க. மேல கூரை கிடையாது. மழைன்னு நீங்க சொல்லிட்டீங்க இல்ல, அண்ணி ஒரே அழுகை. கல்யாணத்துக்கு ஊரே வருது. எங்கே போவாங்க?"

"எங்கே போவாங்க?"

"ஆறு கப்பல் ஒட்டி நிக்குதே. எல்லாத்து மேலயும் கித்தான் பந்தல் இருக்கு."

"பெரினா!"

"என்னங்க?"

"மழையே வராது."

அவள் கத்தி ஒன்றை எடுத்துத் துணியால் நிதானமாகத் துடைத்தாள். "அப்போ காலையில சொன்னது பொய்யா?"

கத்தியைப் பார்த்தேன். வானத்தைப் பார்த்தேன். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"வரும்," என்றேன். "ஊத்தும்."

"அதானே. அண்ணிக்குச் சொல்லி அனுப்பிடறேன்."

அப்புறம் என்ன, மேசைகள் வந்தன. நாற்காலிகள் வந்தன. ஒயின் பீப்பாய் உருண்டு வந்தது. எல்லாம் என் தளத்தின் வழியாக. பெரினா அண்டாவைத் திறந்தாள். முந்தின நாளே ஊறப் போட்ட இறைச்சி, உலர்ந்த பிளம் பழத்தோடு சிவக்க வெந்து மணத்தது. எங்கள் ஊரில் கல்யாணத்துக்குத்தான் அதைச் செய்வார்கள். என் பயணிகளே எனக்கு எதிராகத் திரும்பிவிட்டார்கள். ஹில்டா உட்கார்ந்து துணிக் கைக்குட்டைகளைப் படகு மாதிரி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என் கப்பல்ல மேசை போடக் கூடாது!" என்று கத்தினேன்.

"போடலைங்க. மேசையெல்லாம் வெளிக் கப்பல்லதான், இது வாசல். வாசல்ல யாராவது மேசை போடுவாங்களா? வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக் கட்டில்ல வெச்சிருக்கேன். வாசல்ல பனியனோட நிக்காதீங்க, பயணிங்க பார்க்கறாங்க."

பயணிகளுக்காகத்தான் போட்டுக்கொண்டேன்.

பேராலய மணி அடித்தது. நான் போகவில்லை. எல்லோரும் போனார்கள், நான் மட்டும் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே டோன்கா மண்டியிட்டிருப்பாள். ஞானத்தகப்பன் இடம் காலியாக இருக்கும். சொன்னால் நம்புங்கள், அந்த நேரத்தில் நிஜமாகவே யூகோ வந்திருந்தால் தேவலை என்று இருந்தது.

பிறகு அக்கார்டியன் சத்தம் கேட்டது. எங்கள் கல்யாண வழக்கப்படி, முன்னால் கொடி பிடிப்பவன் கொடியைச் சுழற்றிக்கொண்டு வந்தான். பின்னால் மணமக்கள், லுக்ஷா, ஊர். நேராக என் பலகைப் பாலத்துக்கு முன்னால் வந்து நின்றார்கள். பாட்டு நின்றது. கல்யாணக் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தது.

லுக்ஷா என்னைப் பார்த்தான். ஏழு வருஷத்தில் காதோரமெல்லாம் நரைத்திருந்தது. பிறகு மெதுவாக அண்ணாந்து வானத்தைப் பார்த்தான். ஒரு மேகம் இல்லை. பொன் வெயில்.

"நல்ல மழை, மாப்ளே," என்றான்.

ஒருவரும் சிரிக்கவில்லை. பெப்போ மட்டும் இருமினான்.

"மாமா," என்றாள் டோன்கா, பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. "நனைஞ்சுடுவேன் போல இருக்கு. ஏறலாமா?"

கையை நீட்டிவிட்டேன். அவள் ஏறி என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சட்டை முழுக்கப் பவுடர். என் கண்ணில் உப்புத் தண்ணீர். கடல் பக்கத்தில் இருந்தால் அப்படித்தான்.

லுக்ஷாவும் பலகையில் கால் வைத்தான். இங்கேதான் என் கௌரவம் கடைசியாக ஒரு தடவை தலை தூக்கியது. முழுக்கத் தோற்றுவிட்டுச் சும்மா நிற்க முடியுமா? நெஞ்சை நிமிர்த்தினேன். ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னேன்.

"ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க மச்சான்! உங்க வீட்டு விசேஷத்துக்கு நான் வரல. நீங்கதான் என் கப்பலுக்கு வந்திருக்கீங்க. இங்க கால் வெச்ச ஒவ்வொருத்தரும் என் விருந்தாளி!"

லுக்ஷா பலகையில் வைத்த காலை எடுக்காமல் நின்றான். அடடா, அந்த முகம்! சபதம் காப்பாற்றப்பட்டது, கௌரவமும் மிச்சம். அந்த நொடியில் இந்தக் கடற்கரையிலேயே உயரமான மனுஷன் நான்தான்.

சமையலறைக் கதவில் கரண்டியோடு பெரினா வந்து நின்றாள்.

"கேட்டீங்களா எல்லாரும்?" என்று கூவினாள். "இன்னைக்கு விருந்து முழுக்க அவரோடதாம்! இறைச்சியிலேர்ந்து ஒயின் வரைக்கும் ஞானத்தகப்பன் சீர்!"

அக்கார்டியன் வெடித்தது. தொப்பிகள் பறந்தன. லுக்ஷா ஓடிவந்து, "இவ்வளவு பெரிய மனசா மாப்ளே உங்களுக்கு!" என்று என்னை எலும்பு நொறுங்கக் கட்டிக்கொண்டான்.

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.