ஸ்பீடு அண்ணன் பெட்டியோடு பெண் பார்த்த கதை

லிங்கிப் பக்கத்துத் தோட்டங்களில் ஸ்பீடு அண்ணனைவிட மெதுவான மனிதரை நான் பார்த்ததில்லை. லிங்கியில் மட்டும் இல்லை, பதினாறு ஊரில் வேலை செய்திருக்கிறேன், எங்கேயும் பார்த்ததில்லை. செம்பனைக் குலை ஏற்றிய டிரெய்லரை டிராக்டரில் இழுத்துக்கொண்டு அவர் வருவார். சந்தைக்கு நடந்து போகிற பெண்கள் பேசிக்கொண்டே அவரை முந்திப் போவார்கள். அவர் ஒரு பொட்டலம் நாசி லெமாக் சோறு சாப்பிட்டு முடிப்பதற்குள் நான் சாப்பிட்டு, தூங்கி, எழுந்து, மறுபடி பசித்து உட்கார்ந்திருக்கிறேன்.

அப்படிப்பட்டவருக்கு ஏன் இந்தப் பெயர் என்றால், வாயைத் திறந்தால் அந்த ஒரு சொல்தான் வரும். "இன்னிக்கு ஸ்பீடு சரியில்ல தம்பி" என்பார். டிராக்டரைச் சொல்லவில்லை. வீட்டில் இருந்த விளையாட்டுப் பெட்டியைச் சொல்கிறார்.

நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கோழிப்பண்ணை, கார் கழுவும் கடை, சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலை என்று சுற்றிவிட்டுக் குலை ஏற்றும் வேலைக்கு அந்தத் தோட்டத்துக்கு வந்தேன். தங்க இடமில்லை. தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில், தன் வீட்டில் ஸ்பீடு அண்ணன் சேர்த்துக்கொண்டார். இரண்டு அறை. ஒன்றில் அவர், இன்னொன்றில் பெட்டி. எனக்குச் சமையலறையில், அடுப்புக்கும் சுவருக்கும் நடுவில் இடம். வீட்டில் இருந்த ஒரே மின்விசிறி பெட்டிக்குச் சுற்றியது.

பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டிவியில் மாட்டி விளையாடுகிற கறுப்புப் பெட்டிதான். செய்த கம்பெனி அதற்குள் ஒரு பூட்டுப் போட்டிருக்கும், அவர்கள் விற்பதைத் தவிர வேறெதுவும் ஓடாது. சிரம்பானில் ஒரு கைப்பேசிக் கடைக்காரர் அந்தப் பூட்டைத் திறந்து கொடுத்திருந்தார். திறந்த பெட்டியில், உலகத்தில் யார் யாரோ வீட்டில் உட்கார்ந்து எழுதிய புரோகிராம்களெல்லாம் ஓடும். ஒரே ஒரு சங்கடம். மின்சாரம் இருக்கும்வரைதான் அது திறந்திருக்கும். அணைத்தால் தானாகப் பூட்டிக்கொள்ளும். மறுபடி திறப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. கடைசியாக அணைந்தபோது பதினொரு நாள் ஆயிற்றாம். அந்தப் பதினொரு நாளும் அவர் வேலைக்குப் போகவில்லை. டெங்கி என்று, எங்களை மேற்பார்க்கும் மண்டோர் எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு பெட்டி அணையவே இல்லை. கணக்கு எழுதும் கிராணியின் ஆபீசில் தூக்கிப் போட்ட பழைய யூபிஎஸ் ஒன்றை வாங்கிவந்து அதன்மேல் பெட்டியை உட்கார வைத்தார். மின்சாரம் போனால் அந்த பேட்டரி நாற்பது நிமிடம் தாங்கும், 'கீ கீ' என்று கத்திக்கொண்டே.

இவ்வளவு காபந்து பண்ணிய பெட்டியில் அண்ணன் என்ன விளையாடினார் என்று கேட்பீர்கள். ஒன்றும் விளையாடவில்லை. பந்து விளையாட்டு, கார் ஓட்டம், துப்பாக்கிச் சண்டை எல்லாம் உள்ளே கிடந்தன. நான் ஒரு நாள் ஆசையாகக் கையை நீட்டினேன். "தொடாத தம்பி, டெஸ்ட் ஓடுது" என்றார். நான் அங்கே இருந்த மூன்று வருடமும் டெஸ்ட் ஓடியது.

டெஸ்ட் என்பது இதுதான். உள்ளங்கை அளவில் ஒரு டிரைவ், எஸ்எஸ்டி என்பார்கள், அதைப் பெட்டியின் பக்கவாட்டில் மாட்டியிருந்தார். பெட்டியில் இருக்கும் விளையாட்டை அதில் ஏற்றுவார். அதிலிருந்து மறுபடி பெட்டிக்கு இறக்குவார். ஒரு நொடிக்கு எத்தனை மெகாபைட் போகிறது என்று திரையில் ஓர் எண் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். டிரைவின் அட்டைப்பெட்டியில் ஐந்நூறு என்று அச்சடித்திருந்தது. திரையில் நாற்பது.

அந்த நாற்பதை ஐந்நூறாக்க அவர் செய்ததையெல்லாம் எழுதினால் இந்தப் பத்திரிகை முழுக்க எனக்கே வேண்டும். முதலில் சூடுதான் காரணம் என்றார். ரப்பர் மரம் சீவுகிறவர்கள் பால் பிடிக்கும் அலுமினியக் கோப்பை ஒன்றைத் தேடிப் பிடித்து, டிரைவை அதில் உட்காரவைத்துச் சுற்றிலும் ஐஸ் வைத்தார். நாற்பது. பிறகு அதிர்வு என்றார். பக்கத்து வீட்டு அக்கா துணி துவைக்கும் இயந்திரத்தைப் போட்டால் ஓடிப்போய், கொஞ்ச நேரம் நிறுத்தும்படி கெஞ்சுவார். அந்த அக்கா ஈரத்துணியோடு நின்று இவர் பரம்பரையையே விசாரிப்பார். பிறகு என் மிளகாய்ச் சம்பல் புகைமீது பழி வந்தது. ஒரு மாதம் நான் தாளிக்காமல் சமைத்தேன். கடைசியில் முனியாண்டி கோயில் பூசாரியைக் கூட்டிவந்து டிரைவுக்குத் திருநீறு போட்டார். எண் நாற்பத்தொன்று ஆனது. அன்றைக்குக் கோழி அறுத்தார். சாப்பிட்டுக் கை கழுவி வந்தால் மறுபடி நாற்பது.

இந்த மனிதருக்கு வயது நாற்பத்து மூன்று. அப்பா அம்மா இல்லை, கல்யாணமும் ஆகவில்லை. ஆக வேண்டுமென்ற ஆசை மட்டும் நிறைய இருந்தது. பெட்டியை விட்டு அரை நாள் நகராதவருக்கு யார் பெண் கொடுப்பார்கள். மூன்று இடம் தட்டிப்போயிருந்தது. மண்டோர் சம்சாரம் ராஜம்மா அக்கா விடாமல் அலைந்து நாலாவதாக ஓர் இடம் பிடித்தார். நீலாயில் குடும்பம். பெண் பெயர் கஸ்தூரி, வயது முப்பத்தாறு, மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. ராஜம்மா அக்கா தெளிவாகச் சொல்லிவிட்டார். இதுவும் போனால் இனி நான் யார் வீட்டு வாசலையும் மிதிக்க மாட்டேன், நீ அந்தப் பெட்டிக்கே தாலி கட்டிக்கொள் என்று.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க நாள் குறித்தார்கள். சனிக்கிழமை லயத்துச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். கம்பி மாற்றும் வேலை இருப்பதால் ஞாயிறு காலை ஒன்பது முதல் மாலை ஐந்துவரை தோட்டத்துக்கு மின்சாரம் கிடையாது.

அண்ணன் நோட்டீசை நாலு தடவை படித்தார். வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டார். சாயங்காலம் எழுந்து, "அதையும் கூட்டிட்டுப் போயிரலாம் தம்பி" என்றார்.

வழியில், வாடகைக்குப் பிடித்த வேனின் இன்ஜினிலிருந்து யூபிஎஸ்ஸுக்குக் கரண்டு கொடுக்க ஏற்பாடாயிற்று. பெண் வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு மூலையில் சொருகிவிடுவது, கிளம்பும்போது எடுத்துக்கொள்வது. திட்டம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால், நல்ல காரியத்துக்குப் போகிற இடத்தில் விளக்கு மினுக்குகிற கறுப்புப் பெட்டியை மொட்டையாகத் தூக்கிக்கொண்டு போவது அழகில்லை என்று ராஜம்மா அக்கா ஒரு பெரிய பித்தளைத் தாம்பாளத்தைக் கொண்டுவந்தார். யூபிஎஸ், அதன்மேல் பெட்டி, பக்கத்தில் டிரைவ், எல்லாவற்றையும் மூடி ஒரு சிவப்புப் பட்டுத்துணி. மேலே ஒரு முழம் பூவும் வைத்தார். குலை தூக்கிப் பழகியவன் என்பதால் அதை நான்தான் தூக்கினேன்.

தவறு அங்கேதான் நடந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் தட்டோடு வந்தால் அந்த வீட்டுப் பெண்கள் வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. பழத்தட்டு, வெற்றிலைத் தட்டு, பலகாரத் தட்டு வரிசையாக உள்ளே போயின. பெண்ணின் அத்தை என் தாம்பாளத்தைப் பிடித்தார். நான் விடவில்லை. அவரும் விடவில்லை. "குடுங்க தம்பி, வெக்கப்படாதீங்க" என்று ஒரே இழு. கனம் தாங்காமல் இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டார். பெரிய இடம்போல, கனமாகத்தான் செய்திருக்கிறார்கள் என்று பேசிக்கொண்டே மூன்று பேரும் அதைச் சாமி அறைக்குத் தூக்கிப் போனார்கள்.

நாங்கள் ஹாலில் உட்கார்ந்தோம். சாமி அறையிலிருந்து 'கீ' என்றது.

அத்தை பல்லி என்றார். மேற்கிலிருந்து சொல்கிறது, நல்ல சகுனம் என்றும் சொன்னார். அரை நிமிடம் கழித்து மறுபடி 'கீ'. ராஜம்மா அக்கா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். பேட்டரி பழசு, நாற்பது நிமிடம் என்று அண்ணன் சொன்னது அதை வாங்கிவந்த புதிதில். இப்போது எவ்வளவு தாங்கும் என்று அவருக்கே தெரியாது. கேட்டு வாங்கினால் கொடுத்த சீரைத் திருப்பிக் கேட்டவர்கள் ஆவோம், சம்பந்தம் முறியும். கேட்காவிட்டால் பெட்டி போகும். அண்ணன் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

பெண்ணின் அப்பா, கனத்த மீசை, பொறுமையாக விசாரித்தார். தோட்டத்தில் எத்தனை வருசமா இருக்கீங்க?

"பத்து நிமிசம்" என்றார் அண்ணன்.

கழிப்பறை போவதுபோல நான் எழுந்தேன். சாமி அறை வாசலில் அத்தை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவரே எனக்கு வழி காட்டி, வெளியே காத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து விட்டார்.

அப்போது கஸ்தூரி தேநீர்த் தட்டோடு வந்தார். முதல் கோப்பையை அப்பாவுக்கு நீட்டும்போது உள்ளே சத்தம் நிற்காத ஒரே கீச்சாக மாறியது. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். கஸ்தூரி தட்டை மேசைமேல் வைத்துவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனார். சத்தம் சட்டென்று நின்றது.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். அணைந்துவிட்டது என்றே நானும் நினைத்தேன்.

கஸ்தூரி திரும்பி வந்து அண்ணனுக்கு நேராக நின்றார். "பிளக்கு போட்டுட்டேன். லைட் எரியுது, பயப்படாதீங்க."

பெண்ணின் அப்பா எழுந்துவிட்டார். என்ன லைட், என்ன பிளக்கு என்று கேட்டுக்கொண்டே உள்ளே போய்ப் பட்டுத்துணியைத் தூக்கிப் பார்த்தார். எல்லாரும் பின்னால் போனோம். ராஜம்மா அக்கா நடந்ததை நடந்தபடி சொன்னார், பாதி அழுகையோடு. பெண்ணின் அப்பா மீசையைத் தடவினார். "அப்ப இது சீர் இல்ல. வாங்கினதத் திருப்பிக் குடுக்கணும், அப்படித்தானே?"

 கஸ்தூரி குனிந்து டிரைவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல எவ்வளவு கிடைக்குது?"

மூன்று வருடத்தில் அண்ணனிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. "நாப்பது" என்றார், திருட்டை ஒப்புக்கொள்வதுபோல.

"இந்த டிரைவ்லயா? நாப்பதுதான் வரும். நீங்க மாட்டியிருக்கிறது கைப்பேசி சார்ஜ் பண்ற ஒயர் லா."

தொழிற்சாலையில் அவருக்கு ஒயர் சோதிக்கிற பிரிவில் வேலையாம். உள்ளே போய் ஒரு குட்டை ஒயரைக் கொண்டுவந்தார். தடியாக இருந்தது. இதைப் போட்டால் நானூறுக்கு மேலே போகும், ஆனால் ஓடும்போது டிரைவைக் கழற்றினால் உள்ளே இருப்பது கெட்டுவிடும் என்றார். "ஆஃப் பண்ணணும். நீங்களே பண்ணுங்க."

கஸ்தூரிக்கு அந்தப் பதினொரு நாள் கதை தெரியாது. எனக்குத் தெரியும், ராஜம்மா அக்காவுக்குத் தெரியும். அண்ணன் பெட்டி முன்னால் மண்டியிட்டார். ஒரு பக்கம் சாமி படம், ஒரு பக்கம் வருங்கால மாமனாரின் மீசை. அவ்வளவு மெதுவான மனிதர் அன்றைக்கு ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பொத்தானை அழுத்தினார். விளக்கு மங்கி, உள்ளே விசிறி நின்றது.

கஸ்தூரி பெட்டியைத் தாம்பாளத்திலேயே வைத்து, வந்த தட்டைச் சும்மா திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று அந்தக் குட்டை ஒயரைச் சுருட்டிப் பக்கத்தில் வைத்தார். இரண்டு வெற்றிலையும் வைத்தார்.

"என்னம்மா சொல்ற?" என்றார் அப்பா.

"ஒயர் குடுத்துட்டேன்லப்பா."

மறுபடி பூட்டைத் திறக்க நாலு நாள் ஆயிற்று, எண் நானூற்றுப் பத்தைத் தொட்டது, லயத்தில் எல்லாருக்கும் கோழிக் குழம்பு கிடைத்தது. கல்யாணத்துக்குப் பிறகு நான் வேறு வேலை தேடிக் கிளம்பிவிட்டேன். அதெல்லாம் பிறகு நடந்தது. அன்று மதியம் நீலாயிலிருந்து வேனில் திரும்பும்போது பெட்டி சத்தமில்லாமல் என் காலடியில் கிடந்தது. அண்ணன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிரம்பான் வருவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். என்னிடம் இருந்த ஒரே நல்ல சட்டையில் எச்சில் வழிந்தது, கை மரத்துப்போனது. லயத்து வாசலில் வேன்காரர் வண்டியை மெதுவாக்கினார். இன்னும் ஒரு சுற்றுப் போய்விட்டு வாருங்கள் அண்ணே என்று நான் மெல்லச் சொன்னேன்.