கடைசிப் பக்கப் பாதுகாப்புக் குழு

எங்கள் எழுத்தாளர் ஒரு விஞ்ஞான நாவல் எழுதினார். மனித இனம் பூண்டோடு அழிந்த பிறகு நடக்கும் கதை. அதைப் படமாக்க ஒரு தயாரிப்பாளர் முன்வந்ததும், நாவலின் கண்ணியத்தைக் காக்கும் பொருட்டு, வாசகர் வட்டச் செயலாளர் என்ற முறையில் நானும் கூடப் போனேன்.

‘கதை மேம்பாட்டுக் குழு’ என்று அறைக் கதவில் எழுதியிருந்தது. நாங்கள் உட்காருவதற்குள் இயக்குநர் மேம்படுத்த ஆரம்பித்துவிட்டார்.

“ஹீரோ யாரு சார்?”

“மனுஷங்களே கிடையாதே. ஒரே ஒரு இயந்திரம்தான்” என்றார் எழுத்தாளர்.

“மனுஷங்க எப்படி அழிஞ்சாங்க?”

“விண்கல் விழுந்து.”

“அது எப்படி சார் விழும்? ஹீரோ கையைக் கட்டிக்கிட்டு வேடிக்கை பார்ப்பாரா?”

ஆகவே விண்கல் விழவில்லை; ஹீரோ அதை எட்டி உதைத்தார். மனித இனம் பிழைத்துவிட்டபடியால் அதில் ஒரு மாமனார் இருந்தாக வேண்டும். மாமனார் இருந்தால் மகள் இல்லாமலா? மகள் வந்தாள், பின்னாலேயே பாட்டும் வந்தது.

“விண்வெளியில சத்தம் கேட்காதே” என்று முனகினார் எழுத்தாளர்.

“தியேட்டர்ல கேட்கும் சார்.”

இயந்திரத்துக்குக் காமெடி கொடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிய எழுத்தாளர் கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டார்.

“முடிவை மட்டும் தொடாதீங்க. அந்த ஒரு பக்கத்துக்காகத்தான் இவ்வளவையும் எழுதினேன்.”

“உயிரே போனாலும் தொடமாட்டோம்” என்று தயாரிப்பாளர் நெஞ்சில் கை வைத்தார்.

தொட்டார்கள். முடிவில் கல்யாணம் என்று போஸ்டரே சொன்னது.

எங்களுக்கு ரத்தம் கொதித்தது. கடைசிப் பக்கப் பாதுகாப்புக் குழுவை அவசரமாக அமைத்தோம். படம் வெளியான அன்று தியேட்டர் வாசலில், தயாரிப்பாளரின் காரை மறித்து, “முடிவைத் திருப்பிக் கொடு!” என்று தொண்டை கிழியக் கத்தினோம். எழுத்தாளர் கோஷ அட்டையைப் பிடித்தபடி கண் கலங்கினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தியேட்டர் மேனேஜர் வெளியே வந்தார். நல்ல மனிதர், பொறுமையாகத்தான் கேட்டார்.

“நாவல்ல முடிவு என்னங்க?”

நான் பொருளாளரைப் பார்த்தேன். பொருளாளர் துணைத்தலைவரைப் பார்த்தார். துணைத்தலைவர் தன் செருப்பைப் பார்த்தார்.

“ரொம்ப ஆழமான முடிவு” என்றேன்.

“சரி, என்னதான் ஆகுது?”

“அதெல்லாம் வாயால சொல்ற விஷயமில்லீங்க.”

எழுத்தாளர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அட்டையை என் கையில் திணித்துவிட்டு, தயாரிப்பாளரின் காரில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

“அண்ணே, போயும் போயும் அந்தத் துரோகிகூடவா!” என்று அலறினேன்.

கண்ணாடியை இறக்கினார்.

“மாத்துறதுக்காகவாவது அந்த ஆளு கடைசிப் பக்கத்தைப் படிச்சாரேய்யா!”