ஹரிராம் வேனுக்குக் கேரியர் மாட்டிய வரலாறு

ஊர் சுற்றக் கிளம்புகிறவனுக்கு முதலில் வேண்டியது வண்டி என்று நினைப்பவர்கள் விவரம் போதாதவர்கள். வண்டிக்குப் பின்னால் தொங்குகிற கேரியர்தான் முக்கியம். மதுரை கே.கே. நகரில் குடியிருந்த ஹரிராம் ஆழ்ந்த பரிசீலனைக்குப் பின் இந்த முடிவுக்கு வந்திருந்தார்.

பரிசீலனைக்குக் காரணம், அமெரிக்காவில் இருந்த மைத்துனன் அனுப்பிய ஒரு போட்டோ. அதில் அவன் ஒரு கேம்பர் வேனில் சாய்ந்து நின்றான். வண்டிக்குள்ளேயே கட்டில், வண்டிக்குள்ளேயே அடுப்பு. பின் பம்பருக்கு அடியில் ஓர் இரும்புக் குழாய் நீட்டிக்கொண்டிருக்க, அதில் செருகிய கேரியரில் பெட்டிகள் அடுக்கியிருந்தன. அந்த நாளில் கே.கே. நகரில் அமெரிக்க போட்டோ வராத வீட்டை ரேஷன் கார்டு இல்லாத வீடு மாதிரிதான் பார்ப்பார்கள். ஆனால் போட்டோவைப் பார்த்து வண்டியே வாங்கியவர் ஹரிராம் ஒருவர்தான். பேங்கில் விருப்ப ஓய்வு வாங்கிய கையோடு ஒரு பழைய வேனைப் பிடித்து, கட்டில் போட்டார், அடுப்பு வைத்தார்.

அவர் மனைவி சீதாலட்சுமி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"கட்டில் இருக்கு, அடுப்பு இருக்கு. சாமானை எங்க வைக்க?"

"அதுக்குத்தான் கேரியர்."

கன்னியாகுமரியில் சூரியன் உதிப்பதைக் காட்டுகிறேன் என்று கல்யாணமான புதிதில் சொன்ன மனுஷன். இப்போது மகளுக்கே கல்யாணம் ஆகிவிட்டது. சரி, கேரியராவது வரட்டும் என்று அவள் காத்திருந்தாள்.

ஒத்தக்கடையில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த பேயாண்டி, போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணே, கம்பி வச்சுத் திறந்தாப்ல செய்யலாம். ஆனா அழகர்கோயில் பக்கம் போனீகன்னா கொரங்கு ஏறி ஒக்காந்துக்கும். தகரத்துல மூடிச் செஞ்சா மழைக்கு நல்லது. ஆனா பின்னால வாரவன் செருப்பக் கழட்டிட்டுக் கும்புடுவான்."

"ஏன்?"

"பொணப்பெட்டி மாதிரி இருக்கும்ணே."

"வேற?"

"மடக்குப் பலகை இருக்கு. வேண்டாதப்ப நிமித்தி வச்சுக்கலாம்."

ஹரிராம் ஒரு வாரம் யோசித்தார். விளாங்குடியில் இருந்த சம்பந்தியோடு போனில் கலந்தாலோசித்தார். மடக்குப் பலகையே தேர்வாயிற்று. அதை நிமிர்த்தி வைத்தபோது நம்பர் பிளேட் மறைந்தது. பேயாண்டி பிளேட்டைக் கழற்றிக் கேரியரிலேயே மாட்டிவிட்டார். வினை அங்கேதான் பிடித்தது.

ஹரிராம் சட்டத்தை மதிக்கிறவர். சட்டம் தம்மைத் தேடி வருமுன் தாமே போய் அதன் முன்னால் நின்றுவிடுவார். வண்டிகளுக்குச் சான்று கொடுக்கும் அலுவலகத்துக்கு வேனை ஓட்டிப் போனார். ஆய்வாளர் ஜெயக்கொடி வண்டியைச் சுற்றி வந்தார்.

"என்னங்க இது?"

"கேரியர் சார்."

"கழட்ட முடியுமா?"

"ஒரே ஒரு பின்னைப் பிடுங்கினாப் போதும் சார்," என்றார் ஹரிராம் பெருமையாக.

"கழட்ட முடிஞ்சா அது வண்டி இல்ல, சரக்கு. சரக்கு மேல நம்பர் மாட்டியிருக்கீங்க. நாளைக்கு நெல்லு மூட்டைக்கெல்லாம் நம்பர் கேப்பாங்க."

"அப்ப வெல்டு வச்சிர்றேன் சார்."

"வெல்டு வச்சா நீளம் கூடிரும். ஆர்.சி. புக்குல இருக்கிறது நீளம் கம்மியான வண்டி. அப்ப இது வேற வண்டி. அந்த வண்டி எங்க?"

ஹரிராம் வேனைப் பார்த்தார். "இதுதான் சார் அது."

"இது வேற வண்டின்னு இப்பத்தான முடிவு பண்ணோம்? அதைக் காணோம்னு ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டு வாங்க."

ஸ்டேஷனில் ரைட்டர் முறைப்படி விசாரித்தார்.

"கடைசியா வண்டிய எங்க பாத்தீங்க?"

"வாசல்ல நிக்குது சார்."

"யார் மேலயாவது சந்தேகம்?"

ஹரிராம் நேர்மையாக யோசித்தார். "சாவி என்கிட்டதான் சார் இருக்கு."

ரைட்டர் பேனாவை மூடினார். "வீட்டுல சொல்லிட்டுத்தான வந்தீங்க?"

ஹரிராம் மறுபடி ஆய்வாளரிடமே வந்து நின்றார். "வீட்டுல கன்னியாகுமரி கூட்டிட்டுப் போறேன்னு சொல்லி வருசக்கணக்கா ஆச்சு சார். அவ ஒண்ணும் கேக்க மாட்டா. அதான் சார் கஷ்டமா இருக்கு."

ஜெயக்கொடி இரக்கமில்லாதவர் அல்லர். இரக்கப்படுவதற்கு விதி தேடியதில்தான் தாமதம்.

"வண்டியும் இல்ல, சரக்கும் இல்லேன்னா டிரெய்லர்னு பதியலாம். ஆனா டிரெய்லருக்குச் சக்கரம் வேணும்."

"சக்கரம் தரையில படணுமா சார்?"

ஆய்வாளர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "படணும்னு எங்கயும் போடல."

பேயாண்டி ஒரு குழந்தை சைக்கிள் சக்கரத்தைக் கேரியரின் அடியில் பொருத்தினார். தரைக்கு ஒரு சாண் மேலே தொங்கிய அது காற்றடித்தால் சுற்றியது. அனுமதியும் கிடைத்தது: 'மேற்படி டிரெய்லரின் சக்கரம் தரையைத் தொடாமையால் பாரம் தாங்க இயலாது. ஆகவே அதில் எவ்விதச் சரக்கும் ஏற்றலாகாது.'

வேனுக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார் ஹரிராம்.

"அப்ப சாமானை எங்க வைக்க?" என்றாள் சீதாலட்சுமி.

"வேனுக்குள்ள."

"நான்?"

ஹரிராம் குனிந்து சக்கரத்தைத் துடைத்தார். சாமான் வேனில் போனது. சீதாலட்சுமி பஸ்ஸில் போனாள்.

கன்னியாகுமரியில் சூரியன் யாருடைய அனுமதியும் இல்லாமல் எழுந்தது. கடல் முழுக்கச் சிவந்தபோது சீதாலட்சுமிக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஹரிராம் வந்து சேர்ந்தபோது உச்சி வெயில். வழியெல்லாம் போலீஸ்காரர்கள் மறித்திருக்கிறார்கள். அபராதம் போட அல்ல, சக்கரத்தை அளவெடுக்க.

அவர்கள் ஊர் திரும்பியதும் கே.கே. நகர் டாக்டர் ஒருவர் தன் காருக்கும் அதே மாதிரி மாட்டினார். டாக்டரே வைத்தால் உடம்புக்கு நல்லதாகத்தான் இருக்கும் என்று அவருடைய நோயாளிகளும் மாட்டினார்கள். பள்ளிக்கூட வேன்கள் மாட்டின. ஆய்வாளரின் ஜீப்பிலும் ஒன்று சுற்றியது. அப்புறம் அலுவலகச் சுவரில் ஓர் அறிவிப்பு வந்தது: சக்கரமில்லாத கேரியருக்குச் சான்று இல்லை; கேரியரே இல்லாதவர்கள் அதற்கான காரணத்தை எழுத்துமூலம் தெரிவிக்கவும். எதற்கு இந்தச் சக்கரம் என்று கேட்டால் பாதிப் பேர் "ரூல்" என்றார்கள். மீதிப் பேர் "அமெரிக்கன் மாடல்" என்றார்கள்.

சீதாலட்சுமி மட்டும் சிரித்தாள். "காத்துல சுத்துற சக்கரத்துக்கு இம்புட்டுக் கூட்டமா?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்டாள்.

மறு வருஷம், இனி யாரையும் நம்பிக் காத்திருப்பதில்லை என்று ஸ்கூட்டர் வாங்கக் கிளம்பினாள். கடைப் பெண் வண்டியைத் துடைத்தபடி கேட்டாள்.

"பின்னாடி சக்கரம் மாட்டணுமாம்மா?"

"அது எதுக்கு? தரையிலதான் படாதே."

"எதுக்கும் இல்லம்மா. எல்லாரும் மாட்டுறாங்க."

சீதாலட்சுமி கண்ணாடி வழியே வெளியே பார்த்தாள். தெரு நெடுக நிறுத்தியிருந்த வண்டிகளில் ஆடிக்காற்றுக்குச் சக்கரங்கள் ஒன்றுபோலச் சுற்றிக்கொண்டிருந்தன.

"சரி, ஒண்ணு மாட்டு," என்றாள். "எதுத்த வீட்டு வண்டியில இருக்கிறதவிடப் பெருசா."