வட்டத் துளையில் ஒரு சம்பந்தம்

ஆறு மாதப் படிப்பு ஒரு மனிதனை எந்த அளவுக்குக் கெடுக்கும் என்பதற்கு நானே சாட்சி. ஒன்றும் படிக்காதவன் வாயை மூடிக்கொண்டிருப்பான். நிறையப் படித்தவனும் அப்படித்தான். நடுவில் நிற்பவன்தான் பேசிக்கொண்டே இருப்பான். அறுபதுகளின் தொடக்கத்தில், என் இருபத்தைந்தாவது வயதில், நான் பேசிக்கொண்டே இருந்தேன்.

சென்னையில் ஆறு மாதம் தச்சுப் பயிற்சி முடித்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் கைத்தொழில் ஆசிரியர் வேலைக்கு உத்தரவு வரும் என்று தென்காசியில் காத்திருந்தேன். உத்தரவு வரவில்லை. சீசன் வந்துவிட்டது. குற்றாலத்தில் லாட்ஜ் நடத்திக்கொண்டிருந்த என் அத்தான் (அக்காவின் கணவர்) ஆள் அனுப்பினார். சாரலில் லாட்ஜுக் கதவுகள் எல்லாம் ஊதிப்போய், பாதி அறைகளில் உள்ளே போனவர்கள் வெளியே வர முடியவில்லை. மீதி அறைகளில் வெளியே நின்றவர்கள் உள்ளே போக முடியவில்லை.

கதவுகளை இழைத்துச் சரிசெய்ய சுப்பையா ஆசாரி ஏற்கெனவே வந்திருந்தார். கொல்லைப்புறக் கொட்டகையில், தரையில் உட்கார்ந்து, மரத்தைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு இழைத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. பயிற்சியில் பார்த்ததுபோல ஒரு மேசை செய்யத் தீர்மானித்தேன். ஆள் நீளத்துக்கு அயனி மரப் பலகை, இரண்டரை அங்குலக் கனம். அதில் வரிசையாகத் துளைகள் போட வேண்டும். துளைகளில் மரமுளைகளை நட்டு, முளைகளுக்கு நடுவே கதவை வைத்து ஆப்படித்து இறுக்கிவிட்டால் அசையாது. அதுவரைக்கும் ஆசாரியும் சம்மதித்தார். துளை வட்டமா, சதுரமா என்பதில்தான் சண்டை.

"சதுரமாப் போடும் தம்பி. வட்டத்துல முளை சுத்தும்" என்றார் ஆசாரி.

"சுத்தத்தான் வேணும். அப்பத்தான் கோணல் பலகையையும் பிடிக்கலாம்" என்றேன். (இது சரியான பதில்தான். பயிற்சிக் குறிப்பேட்டில் மூன்றாம் பக்கம்.)

"சாரல் காலம் தம்பி. மரம் ஊறி ஊதிட்டுன்னா உள்ள போனது வெளிய வராது. மூலை இருந்தா உளியை விட்டு நெம்பலாம். வட்டத்துல எங்கன விடுவீரு?"

"மெட்ராஸ்ல எல்லாம் வட்டம்தான் ஆசாரி."

மெட்ராஸில் சாரல் கிடையாது என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. முக்கால் அங்குலத் துளைகள் பன்னிரண்டு போட்டேன். உப்புத்தாள் தேய்த்து, எண்ணெய் தடவி, கன்னத்தை வைத்துப் பார்க்கும் அளவுக்கு வழவழப்பாக்கினேன். ஆசாரி மறுபடி தரைக்கே போய்விட்டார்.

அந்த வாரமே அத்தான் இன்னொரு ஏற்பாடும் செய்திருந்தார். கீழப்பாவூரிலிருந்து ஒரு குடும்பம் அருவியில் குளிக்க வருகிறது. குளிக்க வருவதுபோல வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போவார்கள். பெண்ணும் கூட வருகிறாள். நான் தென்காசிக்குப் போய் முகச்சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ்ஸில் திரும்பினேன்.

லாட்ஜ் வாசலிலேயே அலறல் கேட்டது. கொல்லைப்புறத்துக்கு ஓடினேன். என் மேசையின் மேல் ஒரு பெரிய மனிதர், இடுப்பில் துண்டு மட்டும் கட்டி, தலை முதல் கால் வரை எண்ணெயில் மின்னிக்கொண்டு குப்புறக் கிடந்தார். அவருடைய வலது கை நடுவிரல் என் துளை ஒன்றுக்குள் அடிவரை இறங்கியிருந்தது. எண்ணெய் தேய்த்துவிடும் மாசானம் தலையில் கைவைத்து நின்றான்.

"தேய்க்கிற பலகை எதுவும் காலி இல்ல. இது புதுசா, வழவழன்னு கெடந்துச்சு. ஓட்டை வேற இருக்கா, எண்ணெய் வடியத்தான் போட்டிருக்குன்னு நெனச்சேன்" என்றான் மாசானம். அவன் பெரியவரின் முதுகில் ஓங்கிக் குத்தியபோது, பிடிமானத்துக்காக அவர் விரலை உள்ளே விட்டிருக்கிறார். ஆசாரி சொன்னதுபோலவே மரம் ஊதியிருந்தது. இப்போது விரலும் ஊதியிருந்தது.

ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். எண்ணெய் விடலாம் என்றார் அத்தான். (பெரியவர் மேல் ஒரு படி எண்ணெய் ஏற்கெனவே இருந்தது.) மாசானம் மேசைக்கு அடியில் படுத்துப் பார்த்து, "நகம் தெரியுது! ஒரு முளையை வச்சு அடிச்சா மேல வந்துரும்" என்று உற்சாகமாகக் கத்தினான்.

"எவனாவது அடிச்சீங்க, கொன்னுருவேன்!" என்றார் மேசையில் கிடந்தவர்.

இங்கேதான் என் ஆறு மாதப் படிப்பு வாயைத் திறந்தது. "அண்ணாச்சி, பதறாதீங்க. பதறினாத்தான் இறுகும். இந்த ஓட்டை அளவாப் போட்டது. பெருவிரலே தாராளமாப் போய் வரும், பாருங்க" என்று என் கட்டைவிரலைப் பக்கத்துத் துளையில் விட்டேன்.

தாராளமாகப் போனது.

இழுத்தேன். திருகினேன். சிரித்துக்கொண்டே இழுத்தேன். பிறகு சிரிக்காமல் இழுத்தேன். அவர் தலையைத் திருப்பி, ஒரு சாண் தூரத்தில் இருந்த என் முகத்தைப் பார்த்தார்.

"என்னவே, போயிட்டு. வரலையோ?"

அந்த நேரத்தில் அருவியிலிருந்து ஈரத் தலையோடு ஓர் அம்மாவும், கையில் குடையோடு ஒரு பெண்ணும் வந்தார்கள். அம்மா, "ஐயோ, எம் மனுசனுக்கு என்ன ஆச்சு!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். அந்த அம்மாவை மட்டும் முன்பே பார்த்திருந்த அத்தான் முகம் வெளுத்துவிட்டது. என் காதருகே குனிந்து, "மாப்ளே, கீழப்பாவூர்க்காரங்க இவங்கதான்டே" என்றார்.

எனக்குக் கண் இருட்டியது. விழுந்திருப்பேன், விரல் விடவில்லை.

அந்தப் பெண் முதலில் ஓர் உலர்ந்த துண்டை எடுத்து அப்பாவின் முதுகில் போர்த்தினாள். பிறகு கேட்டாள்: "இந்த ஓட்டைய யாரு போட்டது?"

சுற்றி நின்ற அத்தனை பேரும் என்னைக் காட்டினார்கள்.

"நாம பாக்க வந்த மாப்பிள்ளை இவருதானாம்மா" என்றார், அத்தான் முணுமுணுத்ததைக் காதில் வாங்கியிருந்த அப்பா, பல்லைக் கடித்துக்கொண்டு. "பக்கத்துலயே இருக்காரு. நல்லாப் பாத்துக்கோ."

மதியம் சாப்பிடப் போயிருந்த ஆசாரியைத் தேடி மாசானம் ஓடினான். ஆசாரி வரும்வரை பேசாமல் கிடக்கப் பெரியவரால் முடியவில்லை.

"என்ன படிச்சிருக்கீரு?"

"தச்சுப் பயிற்சி. ஆறு மாசம்."

"ஆறு மாசமும் இதைத்தான் சொல்லிக் கொடுத்தாங்களாக்கும்?"

சாரல் கொட்டகைக்குள் வீசியது. அவள் குடையை விரித்து அப்பாவின் தலைக்கு மேல் பிடித்தாள். குடை கொஞ்சம் என் பக்கம் சாய்ந்திருந்தது. (இன்றுவரை நான் அப்படித்தான் சொல்கிறேன். அவள் காற்று என்கிறாள்.)

ஆசாரி வந்தார். மேசையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இருப்பதிலேயே மெல்லிய உளியைத் தீட்டினார். பெரியவரின் விரலை ஒட்டி உளியை நிறுத்தி, கொட்டாப்புளியால் மெல்லத் தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் "பண்பொழி முருகா!" என்று பெரியவர் அலறினார். உளி ஒரு நூல் சறுக்கினால் விரல் போய்விடும். ஒரு மூலை, இரண்டு மூலை, மூன்று மூலை. நான்காவது மூலை விழுந்ததும், தோல் உரிந்து சிவந்து, ஆனால் முழுசாக, விரல் வெளியே வந்தது.

ஆசாரி என் பக்கம் திரும்பினார். உளியைத் துடைத்துக்கொண்டே மரியாதையாகக் கேட்டார்.

"தம்பி, ஒமக்கு எப்படி? வட்டமாவே இருக்கட்டுமா, சதுரமாக்கிருவோமா?"

"சதுரம்" என்றேன். எனக்கே கேட்காத குரலில்.

அன்று சாயங்காலமே அவர்கள் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். சம்பந்தம் முறிந்துபோனது என்று அக்கா அழுதாள். நான் கட்டைவிரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கிணற்றடியில் யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருந்தேன். நான்காம் நாள் கீழப்பாவூரிலிருந்து சம்மதம் என்று ஆள் வந்தது. அருவியில் வெள்ளம் வந்தபோதுகூட நான் அப்படி அதிர்ந்ததில்லை. யாரையோ நினைத்துச் சொல்கிறார்கள் என்றே நம்பினேன்.

அங்கே நடந்ததைக் கோமதி (அந்தக் குடைக்காரிதான்) பிறகு சொன்னாள். அம்மா ஒற்றைக்காலில் நின்று வேண்டாம் என்றிருக்கிறார். அப்பாதான், "தள்ளி நின்னு சமாதானம் சொல்லுதவன் ஊருக்கு நூறு பேரு இருக்கான். இவன் கையைக் கொடுத்துட்டுல்லா நிக்கான்" என்றாராம்.

"நீ என்ன சொன்னே?" என்று கேட்டேன்.

"அன்னைக்கு ஒங்க மூஞ்சி போன போக்கைப் பாத்து ராத்திரி பூராச் சிரிச்சேன். இப்படி ஒரு ஆளு வீட்டுல கெடந்தா பொழுது போவும்னு தோணிச்சு" என்றாள்.

போன வருஷம் எங்கள் பேத்தியைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். எல்லோரும் விறைப்பாக உட்கார்ந்திருந்தோம். பையனுக்குப் பாவம், படபடப்பு. பிரம்பு நாற்காலியின் பின்னல் ஓட்டையில் விரலை விட்டு விட்டு எடுத்துக்கொண்டிருந்தான். காப்பி கொண்டுவந்த கோமதி அதைப் பார்த்துவிட்டாள்.

"தம்பி, விரல் பத்திரம். எங்க வீட்டுல ஓட்டைக்குள்ள விரலை விட்டா, கல்யாணம் முடிஞ்சுதான் வெளிய எடுக்க முடியும்" என்றாள்.

எங்கள் வீட்டார் எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள். ஒன்றும் புரியாத பையன் வெடுக்கென்று விரலை எடுத்துக்கொண்டான். பிறகு நிமிர்ந்து என் பேத்தியைப் பார்த்தான். மெதுவாக மறுபடியும் உள்ளே விட்டான்.